பத்து வருடம் சொல்லாதது

தொழிற்சாலைக்குள் வேலை நேரத்தில் கைபேசி வைத்திருக்கக் கூடாது. கார்களுக்குள் ஓடும் மின்கம்பிகளை வகை பிரித்துக் கட்டும் பெரிய கூடம் அது. பெண்கள் எல்லாரும் காலையில் உள்ளே நுழையும்போதே கைபேசியை வாசலில் இருக்கும் சின்னப் பெட்டிகளில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அதனால் டாக்டர் மொராரு மூன்று தடவை கூப்பிட்டிருந்தது அவுரிகாவுக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது. ரொட்டியைப் பிரிக்காமலே வெளியே வந்து, சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நின்று அவரைக் கூப்பிட்டாள்.

"மிரெலாவோட ரத்தப் பரிசோதனை வந்திருக்கு அவுரிகா. வைரஸ் ஏறியிருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல, நிறைய."

"எப்படி டாக்டர்? காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, நான்தான் கையில குடுக்கறேன். ஒரு நாள் தவறினதில்ல."

"கையில குடுக்கறீங்க, சரி. வாய்க்குள்ள போகுதா?"

டாக்டர் தொடர்ந்தார். "இப்படியே ரெண்டு மாசம் போச்சுன்னா இந்த மருந்தே அவளுக்குக் கேக்காமப் போயிடும். அப்புறம் வேற மருந்து தேடணும். பதிமூணு வயசுப் பொண்ணுக்கு நம்மகிட்ட நிறைய வழி இல்ல. ஸினாயிதாவைப் பாருங்க. இன்னிக்கே பாருங்க."

அவுரிகாவுக்கு முப்பத்தாறு வயது. இருபத்தொன்றில் கெனாடியேவைக் கட்டிக்கொண்டு பெல்ட்ஸி நகரத்துக்குப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டிய இந்தக் கிராமத்துக்கு வந்தவள். கெனாடியே மாஸ்கோவில் கட்டட வேலை பார்த்தான். வருடத்தில் ஒன்பது மாதம் அங்கே, மூன்று மாதம் இங்கே. அக்கம்பக்கத்தில் பாதி வீடுகளின் கதை அதுதான். மிரெலாவுக்கு மூன்று வயதானபோது ஒரு குளிர்காலம் முழுக்கக் காய்ச்சல் விடவில்லை. நகரத்து ஆஸ்பத்திரியில் குழந்தையின் ரத்தத்தை எடுத்தார்கள், பிறகு தாயின் ரத்தத்தையும் எடுத்தார்கள். இரண்டிலும் எச்.ஐ.வி. இருந்தது. அன்றைக்கே அவள் மாஸ்கோவுக்குப் போன் போட்டாள். கெனாடியே, "யார்கிட்டயும் சொல்லிடாத. அப்பாகிட்ட மட்டும் சொல்லவே சொல்லாத" என்றான். நாலு மாதம் கழித்து அவன் உடல் ஒரு வேனில் வந்து இறங்கியது. கூட வந்த காகிதத்தில் நிமோனியா என்று எழுதியிருந்தது.

அவன் சொன்னபடியே அவள் பத்து வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.

வீடு மாமனார் இலாரியோனுடையது. முப்பத்தெட்டு வருடம் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயதிலும் விறகு பிளக்க யாரையும் கூப்பிட மாட்டார். பேத்தி மேல் உயிர். மருமகள் மேல் அப்படியொன்றும் பாசம் காட்டியதில்லை, ஆனால் மகன் போன பிறகு அவளை 'உன் அம்மா வீட்டுக்குப் போ' என்று ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தொலைக்காட்சியில் எய்ட்ஸ் பற்றி ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் கரண்டியால் திரையைக் காட்டி, "இதுகளையெல்லாம் மொத்தமா ஒரு தீவுல கொண்டுபோய் விட்டுடணும். மத்தவங்களாவது பொழைப்பாங்க" என்றார். அவுரிகா அப்போது பலகையில் கொட்டிய சோளக்களியை நூலால் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். முதல் துண்டை அவர் தட்டில் வைத்தாள்.

மிரெலாவிடம் ரத்தத்தில் இரும்புச்சத்து கம்மி என்று சொல்லி வைத்திருந்தாள். புட்டியில் ஒட்டியிருந்த சீட்டைச் சுடுநீரில் ஊற வைத்துச் சுரண்டிவிடுவாள். மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் மாற்றி வைப்பாள். தன்னுடைய மாத்திரையைத் தொழிற்சாலைக் கழிப்பறையில் விழுங்குவாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாட்டுக் கொட்டிலில். அம்மாவும் மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதே பெண்ணுக்குத் தெரியாது.

ஸினாயிதாவின் அறை ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் இருந்தது. இந்த நோயோடு வருபவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஒரு தொண்டு நிறுவனம் அவளை அங்கே உட்கார்த்தி வைத்திருந்தது. அவளுக்கும் அதே நோய்தான், பதினைந்து வருடமாக. இரண்டு பையன்களைப் பெற்று வளர்த்தவள். தலைமுடிக்குச் செம்பருத்திச் சிவப்பில் சாயம், சத்தமான குரல், சட்டைப் பையில் எப்போதும் சிகரெட். பெண்கள் தனியாக மாத்திரை வாங்க வந்தால் திட்டுவாள். "நான் ஒருத்திக்கு உதவி பண்றவ இல்ல, ஒரு வீட்டுக்குப் பண்றவ. வீட்டுல இருக்கறவங்களக் கூட்டிட்டு வா" என்பாள். புருஷன், பிள்ளை, மாமியார், அண்ணன் என்று யார் வந்தாலும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்துப் பேசுவாள். மூன்று வருடமாக அவுரிகாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அன்று வேலை முடிந்து போனபோதும் அதையே கேட்டாள்.

"பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா."

"சொல்லாததாலதான் அவ மாத்திரைய நிறுத்தியிருக்கா. அவளுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு அவுரிகா. முழுசாத் தெரியாது, பாதி தெரியும். பாதி தெரியறதுதான் மோசம்."

"பொறந்த நாள் வருதுக்கா. அது முடிஞ்சதும் சொல்லிடறேன்."

"போன வருஷம் ஈஸ்டர் முடிஞ்சதும்னு சொன்ன. அதுக்கு முந்தி திராட்சை அறுவடைன்னு சொன்ன."

"எப்படிக்கா சொல்றது? நான்தான் உனக்குக் குடுத்தேன்னு எப்படிச் சொல்றது?"

ஸினாயிதா மேசைக்கு மேல் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ குடுத்தேன்னு யாரும் சொல்லச் சொல்லல. உனக்கு என்ன இருக்கு, அவளுக்கு என்ன இருக்கு, இது ரெண்டு மட்டும் சொல்லு. வர்ற வியாழக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் மாத்திரைகள் கிடைத்தன.

நவம்பர் சேறு தொடங்கியிருந்தது. கொட்டிலில் மாமனாருக்கு ரப்பர் பூட்ஸ் தேடிக்கொண்டிருந்தபோது கெனாடியேவின் பழைய குளிர்கால பூட்ஸ் கையில் பட்டது. யாரும் போடாமல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த ஜோடி. தூக்கியபோது உள்ளே என்னவோ உருண்டது. கவிழ்த்தாள். வெள்ளை மாத்திரைகள் வைக்கோல் மேல் கொட்டின. சில ஈரத்தில் ஊறிப் பிசுபிசுத்திருந்தன. சிலவற்றின் ஓரத்தில் பல் பட்ட தடம் இருந்தது. வாயில் போட்டுக்கொண்டு, அம்மா திரும்பியதும் துப்பியிருக்கிறாள். அவுரிகா மண்டியிட்டு எண்ணினாள். நூற்றுப் பதினொன்று வரை எண்ணி, அதற்கு மேல் எண்ண முடியாமல் விட்டாள்.

மிரெலா அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவுரிகா ஈர மாத்திரைகளை நோட்டுப் புத்தகத்தின் மேல் கொட்டினாள்.

"இது என்னது?"

பெண் நிமிர்ந்து பார்த்தாள். பயப்படவில்லை. "நீயே சொல்லு. என்னது இது?"

"உன் ரத்தத்துக்கு."

"இரும்புச்சத்தா?"

"ஆமா."

"மாத்திரை மேல எழுத்து இருக்கும்மா. சீட்ட சுரண்டின, எழுத்த சுரண்டலயே. அத போன்ல போட்டுப் பாத்தேன்."

அவுரிகா அறைந்தாள். பிறந்ததிலிருந்து அந்தப் பெண்ணை அவள் ஒரு தடவைகூட அடித்ததில்லை. கை தானாக ஓங்கியது, தானாக இறங்கியது. மிரெலா கன்னத்தைத் தொடவில்லை. மாத்திரைகளை ஒவ்வொன்றாக நோட்டிலிருந்து தள்ளிவிட்டு, மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

"மிரெலா..."

"சரிம்மா. இரும்புச்சத்துதான்."

அன்று இரவு மிரெலா சாப்பிடாமலே படுத்துவிட்டாள். காலையில் அவுரிகா ஐந்தரை மணி வேன் ஏறி வேலைக்குப் போனபோது பெண் தூங்கிக்கொண்டிருந்தாள், அல்லது தூங்குவதுபோல் படுத்திருந்தாள்.

புதன்கிழமை இரண்டரை மணிக்கு அவள் வீடு திரும்பினாள். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கே விட்டுவிடும். மிரெலாவின் பை கொக்கியில் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தாள். அவள் இன்று வரவே இல்லை என்றார்கள். பெண்ணின் கைபேசியைக் கூப்பிட்டாள். அது மெத்தையின் கீழிருந்து ஒலித்தது.

இலாரியோன் முற்றத்தில் திராட்சைக் கொடியின் காய்ந்த கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார். "என்ன, வந்ததும் வராததுமா ஓடற?"

"மிரெலா ஸ்கூலுக்குப் போகல மாமா. காணோம்."

"எங்கயாவது தோழி வீட்டுல இருப்பா. வயசுப் பொண்ணு." அவர் கத்திரியைக் கீழே வைக்கவில்லை. "பக்கத்து வீட்டு நாத்தாலியா காலையில பாத்தாளாம். தண்டவாளத்து ஓரமா நடந்து போய்க்கிட்டு இருந்தாளாம்."

தண்டவாளம் என்ற சொல்லைக் கேட்டதும் அவுரிகா மேல் கோட்டை மாட்டக்கூட நிற்காமல், தோளில் மாட்டிய கைப்பையோடு வாசலைத் தாண்டி ஓடினாள். அவர் பின்னால் வருவது தெரிந்தது. கிழவருக்கு நடை வேகம். பாதையில் அவளைப் பிடித்துவிட்டார்.

"நில்லு. என்ன நடந்துச்சு? நேத்து ராத்திரி எதுக்கு அந்தப் புள்ள சாப்பிடாமப் படுத்தா?"

"அவ ஏதாவது பண்ணிக்குவா மாமா."

"எதுக்குப் பண்ணிக்குவா? பதிமூணு வயசுல அவளுக்கு என்ன குறை? பையன் யாராவதா?"

"இல்ல."

"பின்ன என்ன? சொல்லித் தொலையேன். நான் இந்தப் பாதையில முப்பத்தெட்டு வருஷம் இருந்தவன். தண்டவாளத்துல என்னென்ன பொறுக்கியிருக்கேன்னு உனக்குத் தெரியுமா? எதுக்கு பயப்படறன்னு தெரியாம நான் எங்க தேடுவேன்?"

அவள் சொன்னாள். சரளைக்கல் மேல் நடந்துகொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். மிரெலாவுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. தனக்கும் இருக்கிறது. பத்து வருடமாக. மிரெலாவுக்கு அது தெரிந்துவிட்டது என்று தனக்கு நேற்றுதான் புரிந்தது, அதுவும் நல்ல விதமாக இல்லை.

இலாரியோன் நின்றுவிட்டார். "எங்க வீட்டுலயா?" என்றார். கொஞ்ச தூரம் போனதும் சாக்கடை வாய்க்கால் வந்தது. ஒரே ஒரு பலகைதான் பாலம். அவருக்கு முழங்கால் தடுமாறும் என்று அவுரிகா பழக்கத்தில் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தானாகவே தட்டுத் தடுமாறிப் பலகையைக் கடந்தார்.

ஸ்டேஷன் வரை நடந்தார்கள். இரண்டு பக்கமும் தேடினார்கள். கிழவர் புதர்களைத் தடியால் விலக்கி விலக்கிப் பார்த்தார். தூரத்தில் ஒரு சரக்கு வண்டி வந்தபோது இருவரும் கரையோரம் ஒதுங்கி, அறுபது பெட்டிகளும் கடக்கும்வரை நின்றார்கள். கடைசிப் பெட்டி போனதும் அவர் தண்டவாளத்துக்கு இடையில் இறங்கி, குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

ஸ்டேஷனில் சீட்டுக் கொடுக்கும் பெண் சொன்னாள்: "உங்க மிரெலாவா? எட்டு மணி மினிபஸ்ல டவுனுக்குப் போனாளே."

அதே சமயத்தில் அவுரிகாவின் கைபேசி அடித்தது. ஸினாயிதா.

"எங்க இருக்க நீ? அரை மணி நேரமா கூப்பிடறேன், லைனே கிடைக்கல. உன் பொண்ணு இங்க இருக்கா. டாக்டர் ரூமுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா. பசிக்குதாம், ஆனா நான் குடுத்தா சாப்பிட மாட்டேங்கறா."

அவுரிகா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அங்க எதுக்குக்கா வந்தா?"

"காலையிலேருந்து வரிசையில நின்னிருக்கா. வர்ற பொம்பளைங்க ஒவ்வொருத்திகிட்டயும் 'இந்த வரிசை எந்த வியாதிக்கு'ன்னு கேட்டிருக்கா. ஒருத்தியும் வாயத் திறக்கல. அப்புறம் நேரா டாக்டர் ரூமுக்குள்ள போயி, எனக்கு எய்ட்ஸ் இருக்கா இல்லையான்னு கேட்டிருக்கா. அம்மா வராம என்னால பேச முடியாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அப்போ அம்மா வர்ற வரைக்கும் இங்கேயே இருக்கேன்னுட்டா. கெட்டிக்காரி. உன்ன மாதிரி இல்ல."

பெண் உயிரோடு இருந்தாள். கிழவரிடம் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் இனி வழியில்லை.

நாலேகால் மினிபஸ்ஸில் இலாரியோனும் ஏறினார். அவள் கூப்பிடவில்லை. காலியாக இருந்த பக்கத்து இருக்கையை விட்டுவிட்டு முன்னால் போய் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரமும் அவுரிகா அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திரும்பும்போது தனக்கும் பெண்ணுக்கும் அந்த வீட்டில் இடம் இருக்குமா, இல்லையென்றால் இன்றைக்கு எங்கே படுப்பது, பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

பெஞ்சில் மிரெலா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. தாத்தாவைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். ஸினாயிதா மூவரையும் தன் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"மிரெலா, கேளு. நீ கேக்கணும்னு வந்தத உங்கம்மாகிட்ட கேளு."

மிரெலா அம்மாவைப் பார்த்தாள். "எனக்கு அது இருக்கா?"

"இருக்கு."

"எப்போலேருந்து?"

"பொறந்ததுலேருந்து."

"நான் செத்துடுவேனா?"

"இல்ல. மாத்திர சாப்பிட்டா இல்ல. டாக்டர் சொல்வார். இந்த அக்காவப் பாரு, பதினஞ்சு வருஷமா இருக்கு."

"எனக்கு மட்டும் ஏன் இருக்கு? நான் என்ன பண்ணினேன்?"

அவுரிகா இதற்கு ஒரு பதிலைப் பத்து வருடமாக யோசித்து வைத்திருந்தாள். அதைச் சொல்லாமல் கைப்பையைத் திறந்தாள். உள்ளே துணியில் சுற்றிய தன் டப்பாவை எடுத்தாள். மத்தியான மாத்திரையை அன்றைக்கு விழுங்க மறந்திருந்தாள். மேசையில் இருந்த தண்ணீரோடு, பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுங்கினாள்.

"உனக்கு மட்டும் இல்ல."

மிரெலா அந்த டப்பாவை வாங்கி, ஒரு மாத்திரையைக் கையில் கொட்டி, அதன் மேல் இருந்த எழுத்தைப் படித்தாள். உதடு கோணியது. "இத்தன நாள் எங்க வெச்சு சாப்பிட்ட?"

"ஃபேக்டரி கக்கூஸ்ல. லீவு நாள்ல மாட்டுக் கொட்டில்ல."

"மாட்டுக்கிட்ட சொல்லியிருக்க. என்கிட்ட சொல்லல."

அழ ஆரம்பித்தது அம்மாதான். பெண் அழவில்லை, அம்மாவின் அருகிலும் வரவில்லை. அதுவரை கதவோரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த இலாரியோன் தொண்டையைக் கனைத்தார்.

"இது யார்கிட்டேருந்து வந்துச்சு?"

அவுரிகா தரையைப் பார்த்தாள். பதில் அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் இவருக்கு மகன் இரண்டாம் முறை சாவான். சொல்லாவிட்டால் பழி இவள் மேல் நிற்கும்.

ஸினாயிதா சிகரெட்டை எடுத்து, பற்றவைக்காமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டாள். "ஐயா, உக்காருங்க. இந்த ரூம்ல எது வேணா கேக்கலாம், இத மட்டும் கேக்கக் கூடாது. இதக் கேட்டு இதுவரைக்கும் யாருக்கும் உடம்பு தேறினதில்ல. வேற கேளுங்க."

அவர் உட்காரவில்லை. "நாங்க ஒரே மேசையில சாப்பிடறோம்."

"சாப்பிடுங்க."

"ஒரே கிணத்துத் தண்ணி. ஒரே துண்டு. அந்தப் புள்ள என் கிளாஸ்லயே பழச்சாறு குடிக்கும்."

"பத்து வருஷமாக் குடிச்சிருக்கு. உங்களுக்கு ஏதாவது ஆச்சா? முழங்கால் வலியத் தவிர?"

கிழவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. ஸினாயிதா அவர் முன்னால் ஒரு காகிதத்தை வைத்தாள். எதனால் பரவும், எதனால் பரவாது என்று பெரிய எழுத்தில் அச்சடித்தது. அவர் அதைத் தொடாமல், தூரத்திலிருந்தே கண்ணைச் சுருக்கிப் படித்தார். பிறகு, "என் மகன் நிமோனியாவுலதானே போனான்" என்றார். கேட்டாரா, சொன்னாரா என்று புரியவில்லை. அவுரிகா, "பேப்பர்ல அப்படித்தான் இருக்கு மாமா" என்றாள். அவர் தலையசைத்தார். வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டார்.

அன்று மூவரும் ஒன்றாகத்தான் வீடு திரும்பினார்கள். இலாரியோன் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து அவர் தன் தட்டையும் கரண்டியையும் கிளாஸையும் எடுத்துத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டார். அடுப்பிலிருந்து தானே போட்டு எடுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் தனியாகச் சாப்பிட்டார். அவுரிகா ஒன்றும் கேட்கவில்லை. மிரெலா கேட்டாள்.

"தாத்தா, தீவுக்குப் போயிட்டீங்களா?"

அன்று அவர் தட்டில் பாதிச் சாப்பாடு மிச்சம் இருந்தது.

மிரெலா ஒரு நிபந்தனை போட்டாள். இனி அம்மா தன் கையில் மாத்திரை கொடுக்கக் கூடாது. சமையலறை மேசையில், சீட்டு ஒட்டியபடியே இரண்டு புட்டிகளும் அருகருகே இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எடுத்து விழுங்க வேண்டும். மாமனார் கண்ணெதிரே அந்தப் புட்டிகளை வைப்பதற்கு அவுரிகாவுக்கு இரண்டு நாள் பிடித்தது. அப்படியும் பெண் சில நாள் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசாமலே மாத்திரையை விழுங்கிவிட்டு எழுந்து போவாள். ஒருநாள் கோபத்தில் புட்டியைச் சுவரில் எறிந்தாள். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினார்கள்.

டிசம்பர் பாதியில் இலாரியோன் யாரிடமும் சொல்லாமல் நகரத்துக்குப் போய்வந்தார். ஸினாயிதா பிறகு சொல்லித்தான் அவுரிகாவுக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தாராம். முகம் மழிக்கும் கத்தி, கொசு, கழிப்பறை, இருமல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "என் மகன் ஒருவேளை மாத்திர சாப்பிட்டிருந்தா?" என்று கேட்டாராம். சாப்பிட்டிருந்தால் இன்றைக்கு இருந்திருப்பான் என்று ஸினாயிதா ஒளிக்காமல் சொன்னாளாம். கிழவர் அங்கேயே, அந்நியப் பெண்ணின் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாராம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அவர் தன் தட்டோடு வந்து மேசையில் உட்கார்ந்தார். அவுரிகா களியைத் துண்டு போட்டு முன்னால் வைத்தாள். "உப்பு கம்மி" என்றார். மிரெலா உப்பை அவர் பக்கம் தள்ளினாள்.

பிப்ரவரியில் எடுத்த ரத்தத்தில் வைரஸ் பாதியாக இறங்கியிருந்தது. டாக்டர் திருப்திப்படவில்லை, மருந்தில் ஒன்றை மாற்றினார். புது மருந்தில் மிரெலாவுக்கு மூன்று வாரம் வாந்தி. பள்ளிக்கூடம் போக முடியவில்லை. அந்த மூன்று வாரமும் அவுரிகா வேலைக்குப் போனபோது பக்கத்தில் வாளியோடு உட்கார்ந்திருந்தது இலாரியோன்தான். ஜூனில் எடுத்ததில் வைரஸ் பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்கு இறங்கிவிட்டது. டாக்டர் போன் செய்தபோது அவுரிகா தொழிற்சாலையில் இருந்தாள். வீட்டு எண்ணுக்கு அழைத்த டாக்டரிடம் பேசியது கிழவர். அவள் திரும்பி வந்ததும், "அந்த டாக்டர் பேசினார். ஒண்ணும் தெரியலையாம், நல்லதாம்" என்றார். அவர் இன்றுவரை அந்த நோயின் பெயரைச் சொன்னதில்லை. 'அது' என்பார், இல்லையென்றால் 'நம்ம விஷயம்' என்பார்.

அதெல்லாம் நடந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவுரிகா இப்போதும் அதே தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறாள். வியாழக்கிழமைகளில் மட்டும் ஷிப்ட் முடிந்ததும் ஸினாயிதாவின் அறைக்குப் போகிறாள். பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வரும் பெண்களோடு உட்கார்ந்து பேசுகிறாள். தான் செய்தது எதையும் மறைப்பதில்லை. கொட்டிலையும் சொல்வாள், அறைந்ததையும் சொல்வாள். போன மாதம் ஒரு இளம்பெண், "உங்க பொண்ணு உங்கள மன்னிச்சிட்டாளா?" என்று கேட்டாள். அவுரிகா சொன்னாள்:

"கேட்டதில்ல. இப்போ அவளுக்குப் பதினேழு. நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட்டிருக்கா. என்மேல கோவம் வந்தா சத்தம் போட்டே சொல்றா. அதுபோதும் எனக்கு."